ரோஸிக்குப் போக வேண்டாமாம்

1

இந்தக் கோடையோடு நாங்கள் ஹைதராபாத்துக்கு வந்து இருபத்தைந்து வருடம் முடிகிறது. நம் சபைப் பத்திரிகையை நடத்தும் அண்ணன், "வெளியூரில் இருக்கிற நம்ம ஆட்கள் ஆளுக்கு ஒன்று எழுதுகிறார்கள், நீயும் எழுதம்மா" என்று கேட்டிருக்கிறார். போன இதழில் துபாயில் இருக்கும் ஒரு தம்பி எழுதியதைப் படித்தேன். எவ்வளவு தெளிவாக எழுதியிருக்கிறார்! போனார், கஷ்டப்பட்டார், முன்னேறினார், ஆண்டவருக்கு நன்றி. எனக்கு அப்படி எழுத வரவில்லை. வந்தோம் என்பது மட்டும் தெரியும். அதற்குப் பிறகு நடந்ததில் பாதி இன்னும் பிடிபடவில்லை.

ஹைதராபாத் என்ன வெளிநாடா என்று நீங்கள் கேட்கலாம். வந்த புதிதில் எனக்கு வெளிநாடுதான். என் கணவர் தங்கராஜ் ராமச்சந்திராபுரத்தில் புதிதாக வந்த பெரிய தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். எனக்குப் போலாரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர் வேலை கிடைத்தது. இரண்டு இடமும் ஊரின் இரண்டு கோடி. என் பள்ளிக்குப் பக்கமாக லோத்குண்டாவில் வீடு பிடித்தோம். ராணுவ நிலத்தின் மதிலை ஒட்டிய தெரு. அவர் விடியுமுன் கம்பெனி பஸ்ஸுக்கு ஓடுவார். பகல் முழுவதும் நானும் கைக்குழந்தையும்தான்.

ஒரு நாள் நம் ஊரை நினைத்து வாசலில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தேன். பக்கத்து வீட்டுத் தெலுங்கம்மா ஓடி வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, "ஊருக்கோம்மா, ஊருக்கோ" என்றாள். என் மனதில் இருப்பதை இவள் எப்படிக் கண்டுபிடித்தாள் என்று ஆச்சரியப்பட்டு, "ஆமாக்கா, ஊருக்குத்தான்" என்று சொல்லி இன்னும் சத்தமாக அழுதேன். அவள் மறுபடி "ஊருக்கோ" என்றாள். நான் மறுபடி "ஆமாக்கா" என்றேன். தெலுங்கில் அதற்கு 'சும்மா இரு, அழாதே' என்று அர்த்தம் என்பது பல மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

எனக்குச் சரியாகப் பேச வந்த பாஷை என் ஊர்த் தமிழ் ஒன்றுதான். தெலுங்கு கடைக்கு மட்டும். ஹிந்தி என்று இங்கே எல்லாரும் பேசுவது உருது கலந்த வேறு ஒரு பேச்சு. 'ஹவ்' என்றால் ஆமாம், 'கைக்கு' என்றால் எதற்கு, 'நக்கோ' என்றால் வேண்டாம். இந்த மூன்றை வைத்துக்கொண்டே ரொம்ப வருடம் ஓட்டினேன். அதில் கடைசி வார்த்தை என்னை எங்கே கொண்டுபோய் விட்டது என்பதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

2

எங்கள் தெரு முனையில், போலாரம் பஸ் போகும் சாலையில், லியூ என்ற சீனப் பல் டாக்டர் இருந்தார். முன்னறையில் வைத்தியம், பின்னால் வீடு. கண்ணாடிப் பெட்டிக்குள் பல் செட்டுகள் சிரித்துக்கொண்டிருக்கும். பெயர்ப் பலகை இங்கிலீஷிலும் உருதுவிலும் தெலுங்கிலும் இருந்தது. சீனத்தில் ஒரு எழுத்துகூட இல்லை. டாக்டர் கல்கத்தாவில் பிறந்து, பதினாறு வயதில் சித்தப்பாவிடம் தொழில் பழக சிகந்தராபாத் வந்தவர். அவருடைய மனைவியும் கல்கத்தாச் சீனக் குடும்பம்தான். அவர்களுக்கு இரண்டு பிள்ளைகள். மூத்தவன் ஹென்றி. இளையவள் ரோஸி, என் மகள் கிருபாவோடு ஒரே வகுப்பு.

எழுபதுகளின் பின்பாதியில் ஒரு சாயங்காலம் டாக்டர் என்னை வீட்டுக்கு அழைத்தார். அவருடைய தம்பி கனடாவில், டொரன்டோவில் இருந்தார். பிள்ளைகள் இரண்டு பேரையும் அங்கே அனுப்பப் போவதாகச் சொன்னார். அங்கே பள்ளியில் பரீட்சை வைத்துத்தான் சேர்ப்பார்களாம். சொந்தமாக வாசித்து, சொந்தமாக எழுதத் தெரியாவிட்டால் கீழ் வகுப்பில் போட்டுவிடுவார்களாம். அதற்கு முன்னால் டெல்லியில் தூதரகத்தில் ஒரு நேர்காணல் வேறு.

"இதுங்க ரெண்டும் ஸ்கூல் பாடத்தை மனப்பாடமா ஒப்பிக்குது, டீச்சர். புத்தகத்தை மூடினா ஒரு வரி வராது," என்றார். அவர்கள் வீட்டுப் பேச்சு ஹிந்தியும் இங்கிலீஷும் கலந்தது. உங்களுக்காகத் தமிழில் தருகிறேன்.

சீனப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லப் போகிறோம், என்ன பாஷையில் விளக்குவது என்று கவலைப்பட்டுக்கொண்டுதான் முதல் நாள் போனேன். ரோஸி கதவைத் திறந்து, "ஆவோ மிஸ், பைட்டோ" என்று உட்காரச் சொன்னாள். அவள் பேசிய ஹிந்தி சார்மினார் பக்கத்து வளையல்காரன் பேசுவது மாதிரி இருந்தது. அடுத்த நிமிடம் வேலைக்காரியிடம் தெலுங்கில் டீ போடச் சொன்னாள். என்னிடம் திரும்பி, கிருபாவிடம் கற்ற தமிழில், "சக்கரை எவ்ளோ மிஸ்?" என்றாள். அவளுடைய அம்மா உள்ளிருந்து சீனத்தில் ஏதோ கேட்டாள். ரோஸி ஹிந்தியில் பதில் சொன்னாள். அம்மா மறுபடி சீனத்தில் கேட்டாள். ரோஸி மறுபடி ஹிந்தியில் சொன்னாள்.

எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. எங்கள் வீட்டில் நான், "கிருபா, சாப்பிட வாட்டி" என்பேன். "ஒஸ்துன்னா", அதாவது வருகிறேன் என்று தெலுங்கில் பதில் வரும்.

3

வாரத்தில் மூன்று நாள் போனேன். வாசிப்பு ஒரு மணி, எழுத்து ஒரு மணி.

ரோஸி கடகடவென்று வாசிப்பாள். ஒரு இடத்திலும் திக்கமாட்டாள். முடித்ததும் "இதில் என்ன நடந்தது?" என்று கேட்டால், "தெரியல மிஸ்" என்று சிரிப்பாள். ஹென்றிக்கு எல்லாம் புரியும். வாயைத் திறக்கமாட்டான். இரண்டு பேரையும் சேர்த்து ஒரு ஆளாக ஆக்கினால் கனடாவில் முதல் மார்க் வாங்கலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

என்னிடம் இருந்த பயிற்சிப் புத்தகத்தில் இங்கிலீஷ்காரர்கள் பனிக்காலத்தில் ஒரு கிராமத்து வீட்டில் இருப்பதாக ஒரு பகுதி வரும். பனியை மண்வெட்டியால் தள்ளிக் கதவைத் திறக்கிறார்கள். "அவ்வளவு பனி எப்படி மிஸ் வாசல்ல வரும்? யார் கொட்டுவாங்க?" என்றாள் ரோஸி. நான் பாளையங்கோட்டையில் படித்தவள். ஐஸ்வண்டிக்காரன் பெட்டிக்குள் இருப்பதைத் தவிர நான் பனிக்கட்டியைக் கண்டதில்லை. "வானத்திலிருந்து விழும்" என்றேன். "மேல விழுந்தா வலிக்குமா?" என்றாள். யோசித்துப் பார்த்தேன். வலிக்குமா வலிக்காதா என்று எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ஹென்றிதான் முதல்முறையாக வாயைத் திறந்து, "பஞ்சு மாதிரி இருக்கும், படத்துல பாத்தேன்" என்றான்.

உச்சரிப்பு இன்னொரு தொல்லை. நான் 'எம்' என்ற எழுத்தை 'யெம்' என்பேன். அவர்கள் 'ஸ்கூல்' என்பதை 'இஸ்கூல்' என்பார்கள். கொஞ்ச நாளில் ரோஸி 'யெம்' என்று சொல்ல ஆரம்பித்தாள். டொரன்டோவில் யாராவது இந்தச் சீனப் பெண்ணைப் பார்த்து, நீ திருநெல்வேலிப் பக்கமா என்று கேட்கப் போகிறார்கள் என்று என் கணவர் என்னைக் கேலி செய்தார்.

கட்டுரைப் பயிற்சிக்கு 'என் சொந்த ஊர்' என்று தலைப்புக் கொடுத்தேன். எல்லாப் பள்ளியிலும் கொடுக்கிற தலைப்புதானே, யோசிக்காமல் கொடுத்துவிட்டேன். ஹென்றி சீனாவில் ஒரு ஆற்றங்கரைக் கிராமத்தைப் பற்றி இரண்டு பக்கம் எழுதியிருந்தான். படகுகள், மூங்கில் காடு, ஆரஞ்சுத் தோட்டம். எல்லாம் அப்பா அவருடைய அப்பாவிடம் கேட்டு இவனுக்குச் சொன்னது. டாக்டரே அந்த ஊரைப் பார்த்ததில்லை. ரோஸி எழுதியது இப்படித் தொடங்கியது: 'என் சொந்த ஊர் லோத்குண்டா. இங்கே ஒரு நீளமான மிலிட்டரி மதில் உள்ளது. மதிலுக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று எங்களுக்குத் தெரியாது.'

டாக்டர் இரண்டையும் வாங்கிப் படித்தார். ஹென்றியின் கட்டுரையை மனைவிக்குச் சீனத்தில் வாசித்துச் சொன்னார். அந்தம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ரோஸியினுடையதை என்னிடம் நீட்டி, "இதை மாத்தி எழுதச் சொல்லுங்க. ஆபீசர் முன்னாடி இப்படிச் சொன்னா சிரிப்பாங்க" என்றார்.

பார்க்காத ஊரை எழுதியவனுக்கு நல்ல மார்க், பார்த்த ஊரை எழுதியவளுக்குத் திருத்தம். இதற்கு எப்படி மார்க் போடுவது? இலக்கணப் பிழைகளை மட்டும் திருத்திவிட்டு இரண்டு பேருக்கும் ஒரே மார்க் போட்டேன். இரண்டு பேருக்கும் என் மேல் கோபம்.

4

அந்தக் கோடையில் நாங்கள் ஊருக்குப் புறப்பட்டபோது நடந்ததையும் சொல்ல வேண்டும். கிருபா வரமாட்டேன் என்றாள். "நேனு ரானு" என்று தெலுங்கில் சொல்லிவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அங்கே எல்லாரும் அவளைப் பேசச் சொல்லி, அவள் தமிழைக் கேட்டுச் சிரிக்கிறார்களாம். "எனக்கு அங்க யாரையும் தெரியாதும்மா."

"ஒங்க அத்தைமாரு, சித்திமாரு எல்லாம் இருக்காவளே."

"ஒங்களுக்குத்தான் இருக்காங்க."

அப்புறம், ரோஸி கூட வந்தால் வருகிறேன் என்றாள். ரோஸி குதித்தாள். அவள் கடலைப் பார்த்ததே இல்லை. நம் ஊர்ப் பக்கம் கடல் இருக்கிறது என்று கேட்டதிலிருந்து என்னை விடவில்லை. டாக்டர் மட்டும் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். சீனாவோடு சண்டை வந்த பிறகு சீன வம்சத்துக்காரர்கள் ஊரை விட்டு வெளியே போக வேண்டுமானால் போலீஸில் அனுமதி வாங்க வேண்டும் என்று இருந்தது. எங்கே போகிறாய், யார் வீட்டில் தங்குகிறாய், எப்போது திரும்புவாய் என்று எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். ரோஸி சிகந்தராபாத் ஆஸ்பத்திரியில் பிறந்தவள். அவளுக்கும் அதேதான்.

"கேட்டா கொடுப்பாங்க, டீச்சர். கொடுக்க மாட்டாங்கன்னு இல்ல. ஒரு தடவை கேட்டுட்டா அப்புறம் ரொம்ப நாள் நம்மள ஞாபகம் வச்சிருப்பாங்க. அதான் நான் கேட்கிறதில்ல," என்றார்.

போக விரும்பியவள் போக முடியவில்லை. போக விரும்பாதவளை நாங்கள் இழுத்துக்கொண்டு போனோம்.

5

நேர்காணல் நெருங்கியது. நான் மேஜைக்கு அந்தப் பக்கம் ஆபீசர் மாதிரி உட்கார்ந்து கேள்வி கேட்பது என்று ஏற்பாடு. ஹென்றி எழுந்து நின்று, மேற்படிப்புக்காகவும் நல்ல எதிர்காலத்துக்காகவும் போகிறேன் என்று நான் எழுதிக் கொடுத்ததை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னான்.

அடுத்து ரோஸி. அதே கேள்வியை இங்கிலீஷில் கேட்டேன். நீ ஏன் கனடாவுக்குப் போக விரும்புகிறாய்?

"ஐ டோன்ட் வான்ட் டு கோ, மிஸ்."

என் கையில் சிவப்புப் பென்சில் இருந்தது. இத்தனை மாதத்தில் அவள் புத்தகத்தைப் பார்க்காமல், மனப்பாடம் செய்யாமல், தானாகச் சொன்ன முதல் முழு இங்கிலீஷ் வாக்கியம். திருத்த அதில் ஒரு எழுத்தும் இல்லை. சரி என்று சொல்வதா, தப்பு என்று சொல்வதா?

"கைக்கு?" என்றேன். எனக்கே என் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது ஆச்சரியமாக இருந்தது.

"ஒண்ணுமில்ல மிஸ். அடுத்த கேள்வி கேளுங்க."

ஹென்றி தலையைக் குனிந்துகொண்டான்.

வீட்டுக்கு வந்து இவரிடம் சொன்னேன். இவர் ஷிஃப்டு முடிந்து வந்து காலை நீவிக்கொண்டிருந்தார். "இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கத்தான போன? அவிய வீட்டு விவகாரம் நமக்கெதுக்கு, சீலி?"

"அந்தப் பிள்ள போவமாட்டேங்கு. நான் என்னன்னா, போவ ஆசைன்னு பதில் எழுதிக் குடுக்கேன். அது சரியா?"

"சரியான்னு கேட்டா எனக்கென்ன தெரியும்? பேசாம இரி."

பேசாமல் இருக்க முடியவில்லை. அடுத்த பாடத்தன்று கொஞ்சம் முன்னாலேயே போய் நேரே சமையலறைக்குள் நுழைந்தேன். ரோஸியின் அம்மா நம் கொழுக்கட்டை மாதிரி ஒன்றை மடித்துத் தட்டில் அடுக்கிக்கொண்டிருந்தாள். டாக்டரிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. ஒரு பெண்ணிடம் சொல்லலாம் என்று தோன்றியது. அந்தம்மாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, தமிழ் தெரியாது. மிச்சம் இருந்தது ஹிந்திதான்.

தமிழாக இருந்தால் ஒரு நொடியில் சொல்லியிருப்பேன். 'ரோஸிக்குப் போக வேண்டாமாம்.' அந்தக் கடைசி 'ஆம்' ஒன்று போதும். சொல்வது நான் இல்லை, ரோஸி என்பது விளங்கிவிடும். ஹிந்தியில் அந்த 'ஆம்' எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. மனதுக்குள் இரண்டு மூன்று தடவை சொல்லிப் பார்த்துவிட்டு, "ரோஸி கு ஜானா நக்கோ" என்றேன்.

அந்தம்மாவின் கை நின்றது. "ரோஸி கு?"

"ஹவ். ரோஸி கு. ஜானா நக்கோ."

என்னை ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு தலையை அசைத்துவிட்டு மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

6

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்து சோறு வடித்துக்கொண்டிருந்தேன். வாசலில் ஸ்கூட்டர் சத்தம். டாக்டர் லியூ. எங்கள் வீட்டுக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை. இவர் பதறிக்கொண்டு சட்டையைத் தேடினார். டாக்டர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தார்.

"டீச்சர், ரோஸி நல்லா படிக்கிறான்னுதானே போன வாரம்வரை சொன்னீங்க?"

"ஆமா டாக்டர், நல்லாத்தான் படிக்கிறா."

"அப்புறம் என் மனைவிகிட்ட ஏன் அப்படிச் சொன்னீங்க? ரோஸி இன்னும் தயாரா இல்ல, இங்கிலீஷ் போதாது, இப்ப அனுப்பக் கூடாதுன்னு டீச்சரே சொல்லிட்டாங்கன்னு ரெண்டு நாளா வீட்டுல ஒரே பேச்சு. ஹென்றிய மட்டும் அனுப்புங்கறா. என் தம்பி ரெண்டு பேருக்கும் ஏற்பாடு பண்ணிட்டான்."

இங்கிலீஷ் என்ற வார்த்தையையே நான் அந்தம்மாவிடம் எடுக்கவில்லை. 'நக்கோ' என்றால் வேண்டாம். கூடாது என்றும் எடுத்துக்கொள்ளலாம். ரோஸிக்குப் போக வேண்டாம் என்று நான் சொன்னதை, ரோஸி போகக் கூடாது என்று அந்தம்மா புரிந்துகொண்டு, டீச்சர் ஏன் அப்படிச் சொல்கிறாள் என்று யோசித்து, காரணத்தைத் தானே சேர்த்துக்கொண்டாள் போலிருக்கிறது. எல்லாம் என் ஹிந்தியால் வந்த வினை.

இனி மறைப்பதில் அர்த்தமில்லை. "நான் அப்படிச் சொல்லல, டாக்டர். போக வேண்டாம்னு ரோஸிதான் என்கிட்ட சொன்னா. அதைத்தான் சொல்ல வந்தேன். எனக்கு ஹிந்தி சரியா வரல" என்றேன்.

கிருபா காபி கொண்டுவந்து வைத்தாள்.

"அவளுக்கு வேண்டாமா?" என்றார் டாக்டர். "பதினாறு வயசுல கல்கத்தாவுல ரயில் ஏத்திவிட்டாங்க. உனக்கு வேணுமா வேண்டாமான்னு என்னை யார் கேட்டாங்க?"

இவர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, தொழிற்சாலை ஹிந்தியில், "என்னையும் யாரும் கேட்கல சார்" என்றார். எனக்கு அது புதுச் செய்தி. இவராக ஆசைப்பட்டுத்தான் இங்கே வேலைக்கு வந்தார் என்று அத்தனை வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "உங்க ஊர்ல கடல் பாக்கணும்னு ஆசைப்பட்டா. நான் அனுப்பல. நாளைக்கு இவளுக்குக் கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும். அந்தப் பிள்ளையும் கடல் பாக்க யாரையாவது கேட்கணுமா? அங்க போனா ஒரு நாள் யாரையும் கேட்காம ஒரு பஸ்ல ஏறுவா. எனக்கு அது போதும். சொல்லுங்க, நான் தப்பா?"

தப்பு இல்லை என்று பட்டது. ரோஸி சொன்னதும் தப்பு இல்லை என்று பட்டது.

அவர் கிருபாவைப் பார்த்தார். "நீ அவ ஃபிரெண்டு. நீ சொல்லு."

"ஆஸ்க் ஹர், அங்கிள்," என்றாள் கிருபா. அவ்வளவுதான் சொன்னாள்.

டாக்டர் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டுப் போனார்.

அடுத்த பாடத்துக்குப் போனபோது ரோஸியே கதவைத் திறந்து, "டாடி என்னைக் கேட்டாரு மிஸ்" என்றாள்.

"நீ என்ன சொன்ன?"

"போறேன்னு சொன்னேன்."

"கைக்கு ரோஸி? போக வேண்டாம்னுதானே..."

"கேட்டாரே மிஸ்," என்றாள், அதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை என்பது போல. புத்தகத்தைத் திறந்து, விட்ட இடத்திலிருந்து வாசிக்க ஆரம்பித்தாள். நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் வாசித்தது ஒன்றும் என் காதில் விழவில்லை.

7

அனுமதி வாங்கி டெல்லிக்குப் போய் வந்தார்கள். இரண்டு பேருக்கும் விசா கிடைத்தது. அந்த ஆபீசர் ரோஸியிடம் நான் பயிற்சி கொடுத்த ஒரு கேள்வியும் கேட்கவில்லையாம். சிகந்தராபாத்தில் பிரியாணி நன்றாக இருக்குமாமே என்று கேட்டாராம். "ஹவ் சார்" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாளாம்.

சிகந்தராபாத் ஸ்டேஷனுக்கு வழியனுப்பப் போனோம். ஹென்றி அழுதான். அவன் அழுவான் என்று நான் நினைக்கவே இல்லை. ரோஸி அழவில்லை. கிருபாவும் அவளும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு தெலுங்கில் வேகமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். ரயில் நகரும்போது நான் ஆசிரியையாக ஏதாவது சொல்ல வேண்டும் என்று, "தினமும் வாசி" என்றேன். வேறு ஒன்றும் வாயில் வரவில்லை.

அவர்களுடைய அம்மா என் பக்கம் திரும்பவே இல்லை. அதற்குப் பிறகும் தெருவில் பார்த்தால் தலையசைப்பதோடு சரி. என் அரைகுறைப் பேச்சால் ஒரு தாயின் மனது புண்பட்டுவிட்டது என்று நினைத்தேன். அந்த வருடமே ஒரு ஆசிரியரை வைத்து ஒழுங்காக ஹிந்தி படிக்க ஆரம்பித்தேன். பரீட்சைகூட எழுதித் தேறினேன். கிருபா, "இப்ப எதுக்கும்மா?" என்று சிரித்தாள்.

கிருபா கல்யாணமாகி விசாகப்பட்டினத்தில் இருக்கிறாள். மாப்பிள்ளை தெலுங்கர். பேரனுக்குத் தமிழ் வராது. வீட்டுக்குக் கடல் தெரிகிறதாம். அவள் அதைப் பெரிதாகச் சொல்வதில்லை, நான்தான் எல்லாரிடமும் சொல்கிறேன்.

8

போன கிறிஸ்துமஸ் விடுமுறையில் ரோஸி வந்தாள். சொல்லாமல் கொள்ளாமல் அம்மாவைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். தலைமுடியை வெட்டியிருந்தாள். டொரன்டோவில் ஒரு வங்கியில் வேலை. பேசிய இங்கிலீஷ் எனக்கு வேகமாக இருந்தது. ஹிந்தி மட்டும் அப்படியே பழைய ஹிந்தி. "இங்க யாரும் இப்ப நக்கோ சொல்றதில்லையா மிஸ்? ஆட்டோக்காரன் என்னை ஒரு மாதிரி பாக்கிறான்," என்றாள்.

அங்கே நீ எந்த ஊர் என்று கேட்டால் என்ன சொல்வாய் என்று இவர் கேட்டார். சிகந்தராபாத் என்பேன், அதுக்கு முன்னாடி எந்த ஊர் என்பார்கள், அதுக்கு முன்னாடியும் சிகந்தராபாத்தான் என்பேன் என்றாள். சித்தப்பா வீடு முழுக்கச் சீனம் பேசுகிறவர்கள், அதனால் அங்கே போய்த்தான் சீனமே ஒழுங்காகப் பேசக் கற்றேன் என்றும் சொன்னாள். அப்பாவையும் அம்மாவையும் கூட்டிப்போக வந்திருந்தாள். அப்பா சரி என்றுவிட்டாராம். அம்மா அதுவரை ஒன்றும் சொல்லவில்லையாம்.

டீ குடித்துக்கொண்டிருந்தோம். மனதில் இத்தனை வருடம் இருந்ததைக் கேட்டுவிட்டேன். "ரோஸி, அன்னைக்கு நான் ஹிந்தியில உளறினதால உங்க வீட்டுல சண்டை வந்துச்சே. நீ என்கிட்ட போக மாட்டேன்னு சொன்னதை நான் உங்க அம்மாகிட்ட சரியா சொல்லல."

"நானா? போக மாட்டேன்னா?" ரோஸி சிரித்தாள். "எனக்கு ஞாபகமே இல்ல மிஸ். அந்த வயசுல எல்லாத்துக்கும் நக்கோதான் சொல்லியிருப்பேன்."

நான் அசந்துபோனேன். எனக்குத் தூக்கம் போன விஷயம் அவளுக்கு ஞாபகத்திலேயே இல்லை.

அவளுடைய அம்மா கோப்பையைக் கீழே வைத்தாள். என்னைப் பார்த்து, மெதுவான ஹிந்தியில் சொன்னாள்:

"டீச்சரம்மா, உங்க ஹிந்தி அன்னைக்கு நல்லாத்தான் இருந்துச்சு. நீங்க சொன்னது எனக்கு அப்பவே புரிஞ்சுது. ரோஸிக்குப் போக இஷ்டமில்லைன்னுதான் சொன்னீங்க."

"அப்புறம் ஏன் டாக்டர்கிட்ட..."

"அவளுக்கு இஷ்டமில்லன்னு சொன்னா அவர் கேட்பாரா? எனக்கு இஷ்டமில்லன்னு சொன்னா கேட்பாரா? டீச்சர் சொன்னாங்கன்னா கேட்பாருன்னு நினைச்சேன். இங்கிலீஷ் போதாதுன்னு நான்தான் சேர்த்தேன். ஒரு பிள்ளையாவது வீட்டுல இருக்கட்டும்னு நினைச்சேன். நீங்க அவர்கிட்ட நிஜத்தைச் சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் உங்க முகத்தைப் பாக்க எனக்கு வெக்கமா இருந்துச்சு."

நான் இவரைப் பார்த்தேன். இவர் என்னைப் பார்த்தார். நான் ஹிந்தி பரீட்சை எழுதியதெல்லாம் எதற்காக என்று ஒரு கணம் தோன்றியது. அந்த ஞாயிற்றுக்கிழமை நான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் ரோஸி இங்கேயே இருந்திருப்பாள். இருந்திருந்தால் நல்லதா, போனது நல்லதா? அவள் எதிரில் நன்றாகத்தான் உட்கார்ந்திருந்தாள்.

ரோஸியின் முகத்தில் சிரிப்பு இல்லை. அம்மாவின் பக்கம் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, தாழ்ந்த குரலில் எதையோ கேட்டாள். சீனத்தில். அம்மா நிமிர்ந்து பார்த்தாள். பதில் சொன்னாள். ரோஸி மறுபடி கேட்டாள், இப்போது கொஞ்சம் சத்தமாக. அம்மா கையை உதறி ஏதோ சொன்னாள். பிறகு இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். அம்மா சட்டைக் கையால் கண்ணைத் துடைத்தாள், ஆனால் வாய் சிரிப்பது போலவும் இருந்தது.

இவர் என் பக்கம் குனிந்து, "என்ன சொல்லுதாவ? அந்தம்மா போறாங்களாமா, இருக்காங்களாமா?" என்று ரகசியமாகக் கேட்டார்.

எனக்கு ஒரு வார்த்தையும் புரியவில்லை. "தெரியல, சும்மா இரிங்க" என்று சொல்லிவிட்டு, அவர்கள் பேசி முடிக்கட்டும் என்று இன்னொரு தடவை டீ போட எழுந்து போனேன்.